கொப்பி வெறுமையாக இருக்கிறதே, பிள்ளை என்ன படிக்கிறது? தரம் 1, 2 பிள்ளைகளின் வன்னிப் பெற்றோருக்கு

மாசி மாதம், காலபோக அறுவடை முடிகிற நேரம். பாடசாலை விட்டு மற்றப் பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு ஒரு தகப்பன் வகுப்பு வாசலில் நின்றார். சட்டை முழுவதும் நெல்லுத் தூசி, கையில் மகளின் கொப்பி. "ரீச்சர், இவள் முன்பள்ளியிலேயே நூறு வரை எழுதினவள். இங்கே வந்து ஒரு மாதமாகக் கோடு கீறுகிறாள்" என்றார். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. கொப்பியில் நின்ற கோடு, படுத்த கோடு, அரைவட்டம், இரண்டு பக்கம் நிறையச் சுழிகள். அவ்வளவுதான்.

மேசையில் ஒரு சிரட்டை நிறையப் புளியங்கொட்டை இருந்தது. "ஏழு கொட்டை எடுத்து அப்பாவிடம் கொடு பார்ப்போம்" என்று பிள்ளையிடம் சொன்னேன். அவள் ஒன்று, இரண்டு என்று பிழையில்லாமல் சொன்னாள். வாய் ஒரு வேகத்தில் போனது, கை இன்னொரு வேகத்தில் போனது. ஏழு என்று சொல்லி முடிக்கையில் தகப்பனின் உள்ளங்கையில் ஒன்பது கொட்டைகள் இருந்தன. அவர் திரும்ப ஒருமுறை எண்ணினார். பிறகு கொப்பியை மூடிவிட்டார்.

நூறு வரை எழுதத் தெரிந்த பிள்ளைக்கு ஏழு எதுவென்று தெரியவில்லை. இது அந்தப் பிள்ளையின் குறை அல்ல. ஐந்து வயதில் எண் முதலில் வாயில் ஒரு பாட்டாகத்தான் இருக்கும். அந்தப் பாட்டைக் கையோடும் கண்ணோடும் கட்டிவைப்பதுதான் தரம் 1 செய்கிற வேலை, அந்த வேலை கொப்பியில் தெரியாது. அதை வேறு எங்கே, எப்படிப் பார்ப்பது என்று பெற்றோருக்குச் சொல்லவே இதை எழுதுகிறேன். ஆண்டுக்கு ஒருமுறையாவது யாராவது ஒருவர் வாசலில் வந்து இதே கேள்வியைக் கேட்கிறார்.

தொடங்குமுன்: வகுப்பு எப்படி அமைந்திருக்கிறது

ஜனவரி 31க்குள் ஐந்து வயது நிறைந்த பிள்ளை தரம் 1இல் சேர்கிறது. நம் இலங்கையில் ஆரம்பக் கல்வி மூன்று கட்டங்களாக இருக்கிறது: தரம் 1, 2 முதற் கட்டம், தரம் 3, 4 இரண்டாம் கட்டம், தரம் 5 மூன்றாம் கட்டம். 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த சீர்திருத்தம் முதற் கட்டத்தில் விளையாட்டுக்கும் செயற்பாட்டுக்கும் கூடிய இடத்தையும், மேசையில் இருந்து எழுதுவதற்குக் குறைந்த இடத்தையும் கொடுத்தது. இரண்டாம் கட்டத்தில் இவை மூன்றும் ஏறக்குறையச் சமமாகும். தரம் 5இல் எழுத்து வேலை மேலே வரும். பாடத்திட்டங்கள் அவ்வப்போது திருத்தப்பட்டாலும் இந்த ஒழுங்கின் பின்னால் உள்ள எண்ணம் மாறவில்லை. ஆகவே தரம் 1 கொப்பி மெலிந்திருப்பது ஆசிரியரின் சோம்பலால் அல்ல. கொப்பி நிறைந்து வழிந்தால்தான் நான் யோசிப்பேன்.

பாடங்கள் தாய்மொழி, கணிதம், சமயம், சுற்றாடல்சார் செயற்பாடுகள் என நான்கு. ஆங்கிலம் பேச்சு அளவில் சேர்கிறது. ஆனால் ஒரு நாற்பது நிமிடம் தமிழ், அடுத்த நாற்பது நிமிடம் கணிதம் என்று சுவர் எழுப்பி நடத்துவதில்லை. குளத்தைப் பற்றிப் பேசும் பாடத்தில் கொக்கை எண்ணுவார்கள், கொக்குப் பாட்டுப் பாடுவார்கள், கொக்கின் கழுத்தைப் போல வளைந்த கோடு கீறுவார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளையிடம் என்ன படித்தாய் என்று கேட்டால் "கொக்கு" என்று சொல்லும். அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று பாடம் இருக்கிறது.

முதல் சில வாரங்கள் பிள்ளையை இனங்காணுவதற்கு. பேசுகிறதா, ஒளிகிறதா, கத்தரிக்கோல் பிடிக்கிறதா, வரிசையில் நிற்கிறதா, மற்றப் பிள்ளையின் பென்சிலைப் பறிக்கிறதா என்று ஆசிரியர் பார்த்துக் குறித்துக்கொள்வார். இந்த நாட்களில் "இன்னும் படிப்பிக்கத் தொடங்கவில்லையா?" என்று கேட்க வேண்டாம்.

முதற் படி: கையைப் பாருங்கள்

எழுத்து விரலில் தொடங்குவதில்லை. தோளில் தொடங்கி, முழங்கைக்கு வந்து, மணிக்கட்டுக்கு வந்து, கடைசியில்தான் விரல் நுனிக்கு வருகிறது. அதனால்தான் வகுப்பில் முதலில் காற்றில் பெரிதாகக் கோடு கீறச் சொல்கிறோம், பிறகு மணலில், பிறகு தரையில் வெண்கட்டியால், அதன் பிறகு தாளில். விஜயதசமி அன்று மடியில் இருத்தி அரிசியில் விரலால் அ எழுதுவித்தீர்களே, அதே முறைதான் இது. அன்றைக்கு ஒரு நாளோடு நிறுத்திவிட்டோம், வகுப்பு அதைத் தொடர்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

வீட்டில் பார்க்க வேண்டியவை எளிது. சட்டைத் தெறியைத் தானாகப் பூட்டுகிறதா? புளியம்பழத்தின் கோதை உடைத்து நாரை இழுக்கிறதா? பயற்றங்காய் முறிக்கிறதா? தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறக்கிறதா? இவை வராத விரலுக்குப் பென்சில் பாரம். அப்படியானால் ஒரு பக்கம் எழுது என்று இருத்தாமல், மாவு குழைக்கவும் தென்னோலையில் காற்றாடி செய்யவும் விடுங்கள். சுளகில் மெல்லிதாக அரிசி மாவைப் பரப்பிக் கொடுத்தால் அதில் கோடு கீறும், தட்டினால் அழியும், பிழை என்று ஒன்று இல்லை. மாவு வீணாகாது. பின்னேரம் ரொட்டிக்குப் போகும்.

கொப்பியில் இருந்த அந்த நின்ற கோடும் படுத்த கோடும் எதற்கு என்று இப்போது பாருங்கள். மேலிருந்து கீழே ஒரு கோடு, அங்கிருந்து வலப்பக்கம் ஒரு கோடு. அது ட. அதன் வலப்பக்கத்தில் இன்னொரு கோடு மேலே எழுந்தால் ப. சுழிகள் எல்லாம் ன, ண, ல, ள என்று காத்திருக்கின்றன. தகப்பன் கோடு என்று கண்டது எல்லாம் எழுத்தின் எலும்புகள்.

இடக்கைப் பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. கையை மாற்றாதீர்கள். அம்மம்மா சொன்னாலும் மாற்றாதீர்கள். கொப்பியைச் சற்று வலப்பக்கமாகச் சரித்துவைக்கவும், வாங்கில் இடப்பக்க ஓரத்தில் இருக்கவும் கற்றுக்கொடுத்தால் போதும், பக்கத்துப் பிள்ளையின் முழங்கையில் இடிக்காது.

இரண்டாம் படி: காதைச் சோதியுங்கள்

இங்கே கொஞ்சம் நிதானமாக நிற்கப் போகிறேன். பெற்றோர் கவனிக்காத இடமும், எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான்.

பிள்ளையிடம் "மரம்" என்று சொல்லி, சொல்லுக்கு ஏற்பக் கை தட்டச் சொல்லுங்கள். ம, ரம். இரண்டு முறை தட்டும். எழுதும்போதோ ம, ர, ம் என மூன்று எழுத்து. "அம்மா" என்று சொல்லுங்கள். அம், மா. இரண்டு தட்டு, மூன்று எழுத்து. "பட்டம்" இரண்டே தட்டு, நான்கு எழுத்து. தட்டுக்கும் எழுத்துக்கும் இடையே காணாமற்போவது குற்று வைத்த எழுத்து, அதாவது மெய். அது தனியாக மூச்சு விடாது, முன்னால் உள்ள எழுத்தின் தோளில் சாய்ந்துகொண்டு நிற்கும். ஐந்து வயதுக் காதுக்கு அது தனி ஆளாகக் கேட்பதில்லை.

ஆகவே பிள்ளை "அமா" என்று எழுதினால் கவனக்குறைவு என்று குட்டாதீர்கள். கேட்டதை அது நேர்மையாக எழுதியிருக்கிறது. அடித்துத் திருத்துவதால் அந்தக் காது திறக்காது. சொல்லை இழுத்துச் சொல்லுங்கள்: "அம்ம்ம்… மா." உதடு மூடி நிற்கிற இடத்தைக் கண்ணாடியில் காட்டுங்கள். "இங்கே ஒரு ம் ஒளித்திருக்கிறது, அதன் தலையில் ஒரு குற்று வை." வகுப்பில் நாங்கள் கைதட்டிப் பாடுவதும் துள்ளுவதும் மேசையில் தாளம் போடுவதும் இதற்காகத்தான். வெளியில் நின்று பார்ப்பவருக்குச் சத்தம், எங்களுக்கு இலக்கணம்.

ஊர்ப் பெயர்களை வைத்து இதை விளையாட்டாகச் செய்யலாம். வவுனியா என்றால் நான்கு தட்டு, நான்கு எழுத்து, ஒளித்தவர் யாரும் இல்லை. அதனால் வவுனியா வாசிப்பதற்கு மிக எளிய ஊர். மன்னார் என்றால் இரண்டு தட்டு, நான்கு எழுத்து, இரண்டு பேர் ஒளித்திருக்கிறார்கள். கிளிநொச்சியில் ஒருவர். முல்லைத்தீவில் இரண்டு பேர். மாங்குளத்தில் இரண்டு பேர். புதுக்குடியிருப்பைக் கேட்டால் வகுப்பே விழுந்து சிரிக்கும்: ஏழு தட்டு, ஒன்பது எழுத்து. பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது.

இன்னொன்று, நம் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். வீட்டில் "இஞ்ச வா" என்கிறோம், புத்தகத்தில் "இங்கே வா" என்று இருக்கிறது. பழத்தைப் "பளம்" என்கிறோம். பிள்ளை பளம் என்று எழுதினால் அதுவும் காது சொன்னதுதான். வீட்டுப் பேச்சைப் பிழை என்று சொல்லி வாயை மூடவைத்தால் பிள்ளை வகுப்பிலும் வாய் திறக்காது. "நாங்கள் இப்படிச் சொல்வோம், புத்தகம் அப்படிச் சொல்லும்" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்தால், இரண்டு சட்டை இருப்பதைப் போல எடுத்துக்கொள்ளும். டயரை நாங்கள் "ரயர்" என்று எழுதுவதையும், தொலைக்காட்சியில் "டயர்" என்று வருவதையும் ஒரு பையன் கண்டுபிடித்து, எது சரி என்று என்னிடம் கேட்டான். இரண்டும் ஓடும் என்றேன்.

மூன்றாம் படி: 247ஐக் கண்டு பயப்படாதீர்கள்

உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. கூட்டினால் 247. இந்த அட்டவணையைச் சுவரில் ஒட்டி, க கா கி கீ என்று பிள்ளையைப் பாடவைத்தால் அது அழகாகப் பாடும். நடுவில் ஓர் எழுத்தைத் தொட்டு "இது என்ன?" என்று கேட்டால் முதலில் இருந்து பாடிக்கொண்டு வரும். பாட்டு தெரியும், எழுத்துத் தெரியாது. புளியங்கொட்டைக் கதைதான் மறுபடியும்.

வகுப்பில் அட்டவணை ஒழுங்கில் போவதில்லை. எளிய உருவம் உள்ள, பிள்ளைக்குத் தெரிந்த சொற்களில் அடிக்கடி வருகிற எழுத்துகள் முதலில் வரும். ட, ப, ம என்ற மூன்று எழுத்தும் ஒரு குற்றும் கைக்கு வந்தால் படம், பட்டம், மடம் என்று உடனே சொல் வாசிக்கலாம். மூன்று எழுத்து, ஒரு குற்று, மூன்று சொல். சொல் வாசித்த பிள்ளைக்கு அடுத்த எழுத்தில் ஆசை வரும். அ தொடங்கி ஔ வரை காத்திருக்கிற பிள்ளைக்கு வராது. ஔவில் தொடங்கும் சொல்லை அது வாழ்நாளில் எத்தனை தடவை எழுதப்போகிறது?

இடறும் இடங்கள் எப்போதும் ஒரே இடங்கள்தான். ஒன்று, கொம்பு. கெ என்று சொல்லும்போது க முதலில் கேட்கிறது, எழுதும்போது கொம்பு முதலில் நிற்கிறது. கிளிநொச்சியில் உள்ள நொ இன்னும் கடினம்: முன்னால் கொம்பு, நடுவில் ந, பின்னால் அரவு, அதாவது துணைக்கால். ஓர் ஒலிக்கு மூன்று துண்டு, அதில் இரண்டு துண்டு ந என்ற ஆளைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பிள்ளை அரவை ர என்று வாசித்து "நெர" என்று சொல்லும். அது மடத்தனம் அல்ல, அரவும் ர என்ற எழுத்தும் உண்மையிலேயே ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. இரண்டு, உகர ஊகார எழுத்துகள். கா, சா, டா என்று அரவு எல்லா எழுத்துக்கும் ஒரே மாதிரி வருகிறது. கு, சு, டு, து, மு, ரு என்று வரும்போது ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு வால் முளைக்கிறது. இவற்றை விதி சொல்லிக் கற்பிக்க முடியாது, முகம் பார்த்துப் பழகத்தான் வேண்டும். தரம் 2 முடியும்போதும் சில பிள்ளைகள் ஊகாரத்தில் தடுமாறும். பொறுத்திருங்கள்.

வீட்டில் வாசிப்புக்குப் பாடநூல் மட்டும் போதாது. 1980 முதல் அரசு அதை இலவசமாகத் தருகிறது, நல்ல நூல்தான். ஆனால் கெட்டிக்காரப் பிள்ளை படத்தைப் பார்த்தே பக்கத்தை மனப்பாடமாகச் சொல்லிவிடும். படத்தைக் கையால் மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், உண்மை தெரியும். பஸ்ஸின் பலகை, கடைப் பெயர், சவர்க்காரப் பெட்டி, பசளைப் பை, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் வாசிப்புப் புத்தகம். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு ஒட்டுகிற நோட்டீசில் "பொங்கல்" என்ற சொல்லை முதலில் காண்பவருக்கு ஓர் இனிப்பு என்று சொல்லுங்கள். முழு நோட்டீசையும் வாசிக்கச் சொல்ல வேண்டாம், பெரியவர்களே அதை முழுவதும் வாசிப்பதில்லை.

இரவில் பத்து நிமிடம் ஒரு கதை சொல்லுங்கள். புத்தகம் இல்லையென்றால் வாயால் சொல்லுங்கள். யானை தோட்டத்துக்குள் வந்த கதை வன்னியில் எந்த வீட்டில் இல்லை? பாதியில் நிறுத்தி, "பிறகு என்ன நடந்திருக்கும்?" என்று கேளுங்கள். வகுப்பில் வாசித்து விளங்கும் திறனுக்கு நாங்கள் செய்வதும் இதுவே.

நான்காம் படி: எண்ணை உள்ளங்கையில் வையுங்கள்

கணிதம் எண்களோடு தொடங்குவதில்லை. வகைப்படுத்துவதில் தொடங்குகிறது. சோடா மூடி, புளியங்கொட்டை, ஈர்க்குத் துண்டு எல்லாவற்றையும் கலந்து கொடுத்து, பிரித்து வை என்போம். ஒரு பிள்ளை நிறத்தால் பிரிக்கும், இன்னொன்று அளவால் பிரிக்கும். ஏன் அப்படிப் பிரித்தாய் என்று கேட்டு அது காரணம் சொல்வதுதான் அன்றைய பாடம். பிறகு ஒன்றுக்கு ஒன்று பொருத்தல்: ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு கரண்டி. பிறகு கூட, குறைய, சமன். அதன் பிறகே எண்.

(குன்றிமணியை மட்டும் எண்ணக் கொடுக்காதீர்கள். சிவப்பும் கறுப்புமாக அழகாகத்தான் இருக்கும். உள்ளே கடும் நஞ்சு, மென்று விழுங்கினால் ஆபத்து.)

ஒரு சோதனை செய்து பாருங்கள். எட்டுக் கொட்டைகளை இரண்டு வரிசையாக, ஒன்றுக்கு நேரே ஒன்றாக அடுக்குங்கள். இரண்டும் சமமா என்று கேட்டால் பிள்ளை ஆம் என்று சொல்லும். இப்போது பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு வரிசையை மட்டும் அகலமாகப் பரப்பிவிட்டுத் திரும்பக் கேளுங்கள். ஐந்து வயதுப் பிள்ளைகள் பலர் பரந்த வரிசையில்தான் கூட இருக்கிறது என்பார்கள். எண்ணிக்காட்டினாலும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். சுவிட்சர்லாந்து உளவியல் அறிஞர் ஜான் பியாஜே இதை ஆராய்ந்து புகழ்பெற்றார். உங்கள் திண்ணையில் அதே ஆராய்ச்சியை நீங்களும் செய்யலாம். பிள்ளை பிழையாகச் சொன்னால் திருத்த வேண்டாம், சில மாதம் கழித்துத் திரும்பச் செய்யுங்கள். ஒருநாள் அது உங்களை விசித்திரமாகப் பார்த்து, "எல்லாம் ஒன்றுதானே?" என்று கேட்கும். அந்த நாளைக் குறித்துவைக்கலாம்.

பத்துக்கு மேலே போகும்போது ஈர்க்கு வேண்டும். விளக்குமாற்று ஈர்க்கை விரல் நீளத்துக்கு முறித்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டுங்கள். பிள்ளைகள் இருபத்தேழு, இருபத்தெட்டு, இருபத்தொன்பது, "இருபத்துப்பத்து" என்று எண்ணுவார்கள். எனக்கு இந்தப் பிழையில் ஒரு மரியாதை உண்டு. பிள்ளை ஒழுங்கைப் பிடித்துவிட்டது, மொழி அந்த இடத்தில் வளைந்துவிட்டது. சிரிக்காமல் அந்தப் பத்து ஈர்க்கையும் ஒரு கட்டாகக் கட்டி மற்ற இரண்டு கட்டுகளுக்குப் பக்கத்தில் வையுங்கள். எத்தனை கட்டு? மூன்று. மூன்று பத்து முப்பது. எண்பத்தொன்பதுக்குப் பிறகும் இதே இடறல் வரும், அங்கே தொண்ணூறு என்ற சொல்லுக்குள் நூறு வேறு ஒட்டிக்கொண்டு குழப்பும்.

அளவைக்கு நம் குசினியைவிட நல்ல ஆய்வுகூடம் இல்லை. நான்கு சுண்டு ஒரு கொத்து. அரிசி அளக்கும்போது பிள்ளையை எண்ணவிடுங்கள். அதே அரிசியை அகலமான சட்டியில் ஒருமுறையும் ஒடுங்கிய போத்தலில் ஒருமுறையும் கொட்டி, எதில் கூட என்று கேளுங்கள். நாங்கள் வகுப்பில் தண்ணீரை வைத்துச் செய்வோம், பிறகு தரையைத் துடைப்போம்.

3, 7 ஆகிய இலக்கங்களை மறுபக்கமாகத் திருப்பி எழுதுவது இந்த வயதில் வழமை. தரம் 2 முடிந்த பிறகும் எழுத்தும் இலக்கமும் அடிக்கடி திரும்பினால் ஆசிரியரிடம் பேசுங்கள், அதற்கு முன் வேண்டாம்.

ஐந்தாம் படி: சுற்றாடலை வெளியே தேடுங்கள்

சுற்றாடல்சார் செயற்பாடுகள் 16 தொனிப்பொருள்களாக அமைந்தவை. வீடு, பாடசாலை, விலங்கு, தாவரம், நீர், போக்குவரத்து என்று போகும் அதே தொனிப்பொருள்கள் ஆண்டுதோறும் திரும்பி வந்து, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழமாகும். ஆகவே "போன வருடமும் தண்ணீர்தானே படித்தாய்" என்று சொல்ல வேண்டாம்.

வன்னிப் பிள்ளைக்கு இந்தப் பாடத்தில் கொழும்புப் பிள்ளையைவிட ஒரு படி முன்னிலை இருக்கிறது. இரணைமடு வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம், அது நிரம்பி வான் பாய்வதைக் கண்ட பிள்ளைக்கு நீர் என்ற தொனிப்பொருளை யாரும் படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. நீர் திறக்கும் துருசு எது, மிகுந்த நீர் வழியும் வான் எது, எந்த மாதம் நீர் ஏறும், எந்த மாதம் அலைகரையில் மாடு மேயும் என்று அதற்குத் தெரியும். குறை என்னவென்றால், தனக்குத் தெரிந்தது படிப்பு என்று அதற்குத் தெரியாது. தகப்பனோடு வயலுக்குப் போன கதையை வகுப்பில் சொல்லச் சொன்னால் "அது சும்மா" என்று சொல்லும். வீட்டில் அதைச் சும்மா என்று நினைக்கவிடாதீர்கள். கண்ட பறவையின் பெயரைக் கேளுங்கள். பாலைப்பழம் எப்போது பழுக்கும், முதிரை இலை எப்படி இருக்கும் என்று தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். நாங்களும் அப்படித்தான் கேட்டு வரச் சொல்வோம்.

பாதுகாப்பு இந்தப் பாடத்தின் ஒரு பகுதி. வீதி கடத்தல், பாம்பு, குளத்தில் இறங்குதல் எல்லா ஊருக்கும் பொது. நம் ஊருக்கு இன்னொன்று கூடுதலாக இருக்கிறது: கண்ணிவெடி. மண்டையோடு போட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் நின்று, வந்த வழியே திரும்ப வேண்டும். மண்ணில் துருப்பிடித்த இரும்பு எதைக் கண்டாலும் தொடக்கூடாது, பெரியவரிடம் சொல்ல வேண்டும். மீள்குடியேறிய காலத்திலிருந்து பாடசாலைகளில் இது சொல்லிக்கொடுக்கப்படுகிறது. போருக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு அது கதையாகத் தோன்றும். பழைய இரும்பு விற்றால் காசு வரும் என்று அண்ணன்மார் சொல்லும் கதை அதைவிட இனிப்பாகத் தோன்றும். இதை ஒருமுறை சொல்லி விட்டுவிட முடியாது.

மற்றப் பாடங்கள்

சமயத்தில் சைவப் பிள்ளை ஒரு தேவாரம், கத்தோலிக்கப் பிள்ளை ஒரு செபம், இஸ்லாமியப் பிள்ளை ஒரு துஆ என்று தொடங்கி, உண்மை பேசுதல், பகிர்ந்து உண்ணல் வரை போவார்கள். ஆங்கிலம் முதற் கட்டத்தில் வாயால் மட்டும்: வணக்கம் சொல்வது, நிறம், பாட்டு, "உட்கார்", "எழும்பு" போன்ற கட்டளைகளை விளங்கி நடப்பது. 26 எழுத்தையும் எழுதவில்லையே என்று முறையிட வேண்டாம். பாட்டும் சித்திரமும் ஆட்டமும் எல்லாப் பாடத்துக்குள்ளும் கலந்திருக்கின்றன.

வன்னியின் சிறிய பாடசாலைகளில் ஓர் ஆசிரியர் இரண்டு தரங்களை ஒன்றாக வைத்துக் கற்பிப்பதும் உண்டு. பல்தரக் கற்பித்தல் என்று அதற்குப் பெயர். பெற்றோர் இதைப் பின்தங்கல் என்று நினைத்து நகரத்துப் பாடசாலைக்கு ஓடுகிறார்கள். ஆளணி போதாது என்பது உண்மைக் குறைதான், நான் மறுக்கவில்லை. ஆனால் தரம் 2 பிள்ளை தரம் 1 பிள்ளைக்கு வாசித்துக் காட்டும்போது இரண்டு பேரும் படிப்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளையை விடியப்புறம் எழுப்பி, நித்திரை தூங்கத் தூங்க பஸ்ஸில் ஏற்றி, இருபது கிலோமீற்றர் அனுப்புவதில் என்ன வருகிறது என்று ஒருமுறை கணக்குப் பாருங்கள்.

ஆறாம் படி: சரியான கேள்வியைக் கேளுங்கள்

தரம் 1, 2 முற்பகல் 11.30க்கு விடும். வாசலிலேயே "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்டால் "ஒன்றும் இல்லை" என்ற பதில் உறுதி. முதலில் சாப்பாடு கொடுங்கள். பிறகு, "இன்று யாரோடு இருந்தாய்? என்ன பாட்டு? ரீச்சர் எதற்குச் சிரித்தார்? என்ன எண்ணினீர்கள்?" என்று கேளுங்கள். நீங்கள் பிள்ளையாக இருந்து, அதை ரீச்சராக இருக்கவிட்டால் முழு வகுப்பையும் நடித்துக்காட்டும். என்னுடைய குரலில் என்னை ஏசிக்காட்டிய பிள்ளைகளின் கதை பெற்றோர் வாயிலாக எனக்கு வந்திருக்கிறது. அதில் நான் கற்றதும் உண்டு.

ஆசிரியரிடம் "எத்தனையாம் பிள்ளை?" என்று கேட்காதீர்கள். "எந்தத் தேர்ச்சியில் நிற்கிறது, அடுத்தது என்ன, வீட்டில் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் பிள்ளை அடைய வேண்டிய அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதைக் காட்டச் சொல்லிக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பார்வையையும் செவியையும் கவனியுங்கள். கரும்பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறது, பக்கத்துக் கொப்பியைப் பார்த்தே எழுதுகிறது, கூப்பிட்டால் திரும்பவில்லை என்றால் சோம்பல் என்று முடிவுகட்டுமுன் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். குளத்தில் குளித்துக் காதில் சீழ் வடிகிற பிள்ளைக்கு மேலே சொன்ன, குற்று வைத்த எழுத்தைத் தேடும் விளையாட்டு எப்படி விளங்கும்? "மந்தம்" என்று வாங்கின் கடைசியில் இருந்த ஒரு பையனை முன்னால் இருத்திய கிழமையே அவன் வாசிக்கத் தொடங்கினான். ஒரு தவணை முழுவதும் பின்னால் இருத்தியது என் பிழை.

ரியூசனைப் பற்றிக் கேட்பீர்கள். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் தரம் 1 வரை விழுந்துவிட்டது. ஆறு வயதுப் பிள்ளைக்கு மாதிரி வினாத்தாள் வாங்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். என் கருத்து நேரானது: முதற் கட்டத்தில் ரியூசன் வேண்டாம். அந்தப் பின்னேரம் பிள்ளைக்கு மணலும் கொட்டையும் கூட்டாளிகளும் வேண்டும். காசு மிஞ்சினால் இரண்டு கதைப் புத்தகமும், ஒரு நல்ல கத்தரிக்கோலும், நிறப் பென்சில் பெட்டியும் வாங்குங்கள்.

கடைசி வேலை: கொப்பியை எறியாதீர்கள்

கோடும் சுழியும் உள்ள அந்த முதற் கொப்பியின் மூலையில் திகதியை எழுதி, பொலித்தீன் பையில் சுற்றி, பிறப்புச் சான்றிதழ் வைக்கிற இடத்தில் வையுங்கள். தவணைக்கு ஒன்று போதும். என்னுடைய முதலாம் வகுப்புக் கொப்பி எந்த இடப்பெயர்வில், எந்தப் பங்கருக்குப் பக்கத்தில் விடுபட்டது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

அந்தத் தகப்பன் மூன்றாம் தவணைக் கூட்டத்துக்கு வந்தார். மகள் ஏழு கொட்டையைச் சரியாகக் கொடுக்கிறாளா என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார். நெல்லு மூட்டை ஏற்றும்போது அவள் பக்கத்தில் நின்று எண்ணினாளாம். வியாபாரியின் கணக்கில் ஒரு மூட்டை குறைந்திருந்ததாம்.